நெஞ்சுக்கு ஒரு திருமுகம்

முதுமைக்கென நாமே எழுதி வைக்கும் கடிதம் – ஒரு பாடம்



முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்து, 2018இல் பணி ஓய்வு பெற்றவன் நான். 1988 முதல் நடைபெற்று 2021இல் அகற்றப்பட்ட யூ.பி.எஸ்.ஆர். தேர்வுக்கு மாணவர்களை ஆயத்தப்படுத்திய ஆசிரியர்களுள் ஒருவன். உறவுக் கடிதம், நட்புக் கடிதம், அலுவல் கடிதம் என்று எத்தனையோ கடிதங்களைச் சிவப்பு மையால் திருத்தியிருக்கிறேன். தாத்தாவுக்கு எழுதினார்கள், மாமாவுக்கு எழுதினார்கள், தலைமையாசிரியருக்கும் எழுதினார்கள். தனக்குத் தானே கடிதம் எழுதிய மாணவனை மட்டும் நான் கண்டதில்லை. அந்த வயதில் அதற்குத் தேவையும் இல்லை. அறுபதைத் தாண்டிய நமக்கோ அந்தக் கடிதமே மிகவும் தேவையானது. ஆகவே இவ்வாண்டு மலரில், விடுபட்டுப் போன அந்தப் பாடத்தை நடத்த விழைகிறேன்.

இக்கடிதம் எதற்காக? உடலும் மனமும் தெளிவாக இருக்கும் இன்று, மனம் தளரப்போகும் ஒரு நாளுக்காக நாம் எழுதி வைப்பது இது. இது உயில் ஆகாது. வாழ்க்கை வரலாறும் ஆகாது. இன்றைய நாம் நாளைய நமக்குச் சொல்லும் தைரியம். இறைவன் நமக்குச் செய்ததை நாமே நமக்கு நினைவூட்டும் சாட்சி.

2030ஆம் ஆண்டளவில் மலேசியாவில் 60 வயதைக் கடந்தோர் மக்கள் தொகையில் 15 விழுக்காட்டை எட்டுவர் என்று கணக்கிடப்பட்டுள்ளது. அந்தக் கணக்கைப் பார்க்க நம் ஆலய மண்டபமே போதும். ஒரு காலத்தில் காவடி தூக்கியவர்கள் இன்று நாற்காலி தேடுகிறார்கள். விரதம் இருந்தவர்களிடம் மருத்துவர் “இனி வேண்டாம்” என்கிறார். பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். இந்நிலையில் நமக்கு ஆறுதல் சொல்ல ஆட்கள் வருவார்கள். “எல்லாம் நல்லபடியா நடக்கும்” என்பார்கள். ஆனால் நம் மனம் என்ன செய்கிறது? “இவருக்கு என் வேதனை என்ன தெரியும்?” என்று உள்ளே பதில் சொல்லிவிடுகிறது. சொந்தக் கையெழுத்து வந்து பேசும்போது அப்படிச் சொல்ல முடியாது. எழுதியவருக்கு நம் வேதனை தெரியும். அவர் நாமே அல்லவா?

நெஞ்சோடு பேசிய அருளாளர்கள்

தனக்குத் தானே பேசிக்கொள்வதை உலகம் ஒரு மாதிரியாகப் பார்க்கும். நம் சமயமோ அதைப் பாட்டாக்கிப் போற்றியது. தேவார மூவரும் தம் நெஞ்சை முன்னே நிறுத்தி அதற்கு உபதேசம் செய்திருக்கிறார்கள். நம்மாழ்வாரின் பெரிய திருவந்தாதியில் நெஞ்சை அழைத்துப் பேசும் பாசுரங்கள் பல. பட்டினத்தார் பாடல் தொகுப்பில் ‘நெஞ்சொடு புலம்பல்’ என்று ஒரு பகுதி உண்டு. ‘நெஞ்சொடு மகிழ்தல்’ என்றும் ஒரு பகுதி உண்டு. திருக்குறளின் காமத்துப்பாலிலேகூட ‘நெஞ்சொடு கிளத்தல்’ ஓர் அதிகாரம்.

இதில் நமக்கு என்ன பாடம்? புலம்புவதும் மகிழ்வதும் இரண்டுமே நெஞ்சோடு பேசும் பேச்சில் அடங்கும். “எனக்கு ஒரு குறையும் இல்லை” என்று பொய் சொல்லித் தேற்றிக்கொள்ளும்படி எந்த அருளாளரும் நமக்குக் கற்றுத் தரவில்லை. அழுதார்கள், அழுதபின் நெஞ்சைத் தட்டி எழுப்பினார்கள். நம் கடிதமும் அந்த வழியில் அமைய வேண்டும்.

கையெழுத்தே சாட்சி

சுந்தரமூர்த்தி நாயனாரின் வரலாற்றை அறியாதார் நம்மில் குறைவு. புத்தூரில் திருமணப் பந்தலில், முதிய அந்தணர் வடிவில் இறைவன் வந்தார். நம்பியாரூரர் தமக்கு வழிவழி அடிமை என்று வழக்குத் தொடுத்து, ஓலை ஒன்றைக் காட்டினார். நம்பியாரூரர் அதைப் பறித்துக் கிழித்துவிட்டார். கிழிந்தது படியோலை, மூல ஓலை முதியவரிடம் பத்திரமாக இருந்தது. வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போயிற்று. அவையோர் என்ன செய்தார்கள்? சுந்தரருடைய பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வரவழைத்து, இரண்டின் கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டும் ஒத்திருந்தன. வழக்கு முடிந்தது. அந்த ஒரு கையெழுத்தால் நமக்கு ஒரு தேவார முதலி கிடைத்தார்.

இதனை எண்ணிப் பாருங்கள். வாயால் எவ்வளவோ வாதிட்டவர், எழுத்துக்கு முன்னே பணிந்தார். நமக்கும் அப்படி ஒரு நாள் வரும். “இறைவன் எனக்கு என்ன செய்தான்? எதுவும் செய்யவில்லை” என்று நெஞ்சு வழக்காடும் நாள் அது. மருத்துவமனைக் கட்டிலிலோ, துணையை இழந்த வீட்டிலோ அந்த வழக்கு எழலாம். அப்போது அவையில் வைக்க நம்மிடம் ஓர் ஓலை வேண்டும். அதில் நம் கையெழுத்தே இருக்க வேண்டும்.

ஏற முடியாத படிகள்

முதுமையில் பக்தர்களை வாட்டும் துயரம் ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். பினாங்குத் தண்ணீர்மலையில் 2012இல் குடமுழுக்குக் கண்ட பாலதண்டாயுதபாணி ஆலயத்துக்கு 500க்கும் மேற்பட்ட படிகள். “முன்பெல்லாம் மூச்சு வாங்காமல் ஏறினேன், இப்போது அடிவாரத்தோடு திரும்புகிறேன், முருகன் என்னை மேலே கூப்பிடவில்லை போலும்” என்று கலங்கும் முதியவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். முழங்கால் தேய்வதை அருள் தேய்வதாக எண்ணிக்கொள்கிறார்கள்.

இவர்களுக்கெல்லாம் அப்பர் பெருமானின் கயிலை யாத்திரையே மருந்து. 81 ஆண்டுகள் வாழ்ந்தவர் என்று மரபு போற்றும் அப்பெருமான், தள்ளாத வயதில் கயிலை காணப் புறப்பட்டார். நடந்தார், பாதம் தேய்ந்தது. கையால் தவழ்ந்தார், கை சிதைந்தது. மார்பால் ஊர்ந்தார், அதுவும் புண்ணாயிற்று. ஆனாலும் திரும்பிப் போக மறுத்தார். அப்போது இறைவன் அவரை ஒரு பொய்கையில் மூழ்கச் சொன்னார். மூழ்கியவர் எழுந்தது திருவையாற்றுக் குளத்தில். அங்கேயே கயிலைக் காட்சி கிடைத்தது. கண்ட உயிர்களெல்லாம் சிவமும் சத்தியுமாகத் தோன்றின.

கவனியுங்கள் அன்பர்களே! அவரை மலையுச்சிக்கு ஏற்றிவிட இறைவனால் முடியாதா? முடியும். ஆனாலும் அடியவரால் இருக்க முடிந்த இடத்துக்குக் கயிலையையே கொண்டுவந்து காட்டினார். அடிவாரத்தில் நிற்கும் முதியவருக்கும், நாற்காலியில் அமர்ந்த மூதாட்டிக்கும், கட்டிலை விட்டு எழ முடியாதவருக்கும் இந்த வரலாற்றில் இடம் இருக்கிறது. இதை நம் கடிதத்தில் மறவாமல் எழுதி வைக்க வேண்டும்.

கடிதத்தின் உறுப்புகள்

இனிப் பாடத்துக்கு வருவோம். நான் பிறந்து வளர்ந்தது கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில். ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே லயத்துப் பாட்டிமார்களுக்கு ஊர்க் கடிதம் எழுதிக் கொடுப்பது என் வேலை. நீலநிற ஏரோகிராம் தாளில் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவேன். அந்தக் கடிதங்களுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. நம் கடிதத்துக்கும் அந்த ஒழுங்கே போதும்.

1. பிள்ளையார் சுழி. தாளின் தலையில் சுழியிட்டு, கீழே குலதெய்வத்தின் பெயரையோ இஷ்ட தெய்வத்தின் பெயரையோ எழுதித் ‘துணை’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு சொல்லே பாதிக் கடிதம். படிக்கப்போகிறவர் தனியாக இல்லை என்பதை அது முதலிலேயே சொல்லிவிடுகிறது.

2. இடமும் நாளும். ஆங்கிலத் தேதியோடு தமிழ் மாதத்தையும் எழுதுங்கள். எந்த வீட்டில், எந்த அறையில், எந்த வேளையில் எழுதுகிறீர்கள் என்பதையும் குறியுங்கள். பிற்காலத்தில் படிக்கும்போது அந்த வேளை கண்முன் வரும்.

3. விளி. இதில்தான் நம் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பில் ஒரு கேள்வி எழுந்தது. “பத்து வருஷம் கழிச்சுப் படிக்கப்போறவரு என்னைவிட மூத்தவராச்சே, அவரை நீன்னு எழுதலாமா சார்?” என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் நல்ல கேள்வி. அருளாளர்கள் நெஞ்சை உரிமையோடு ஒருமையில்தான் அழைத்தார்கள். அப்படி எழுத மனம் வராதவர்கள் ‘ஐயா’ என்றோ ‘அம்மா’ என்றோ அழைத்து மரியாதையாகவே எழுதலாம். முதுமையில் நமக்குக் குறைந்துபோகும் மரியாதையை நாமாவது நமக்குத் தருவோமே!

4. ‘நலம், நலமறிய அவா’. இங்கே உண்மையை எழுதுங்கள். இனிப்பு நீர், இரத்த அழுத்தம், மூட்டு வலி எதையும் மறைக்க வேண்டாம். நோயையும் சேர்த்து எழுதிய கடிதத்தைத்தான் நோயாளி நம்புவார்.

5. ‘இப்பவும்’. நலம் விசாரித்து முடித்ததும் பழைய கடிதங்களில் ‘இப்பவும்’ என்று ஒரு சொல் வரும். அதன்பின் வருவதே சங்கதி. நம் கடிதத்தின் சங்கதி மூன்று.

முதலாவது, வந்த வழி. இறைவன் உங்களைத் தாங்கிய மூன்று நிகழ்ச்சிகளை எழுதுங்கள். ‘ஆண்டவன் காப்பாற்றினான்’ என்று பொதுவாக எழுதினால் பயன் இல்லை. எந்த ஆண்டு, எந்த இடம், யார் மூலமாக, எதைக் கொண்டு என்று எழுத வேண்டும். 1976இல் என் தந்தையார் வேலைக்காட்டில் விழுந்து படுத்தபோது, பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் மூன்று மாதம் எங்களுக்கும் சேர்த்து உலை வைத்தார். அவருக்கும் கூலி வேலைதான். அவர் வீட்டிலும் நான்கு பிள்ளைகள். அந்தச் சோற்றுப் பானையை நான் இறைவன் என்றே எழுதி வைத்திருக்கிறேன்.

இரண்டாவது, வரப்போகும் அச்சம். எதற்குப் பயப்படுகிறீர்களோ அதற்குப் பெயர் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவேனோ என்பது பலரின் அச்சம். தனியே சாவேனோ என்பது சிலரின் அச்சம். எனக்கு உள்ள அச்சம் மறதி. என் தாயார் 2016இல் இறைவனடி சேர்ந்தார். கடைசி இரண்டு ஆண்டுகளில் மறதி நோய் முற்றி, பெற்ற பிள்ளை என்னையே “நீங்க யாரு தம்பி?” என்று கேட்பார். ஆனால் திருநீற்றுத் தட்டை நீட்டினால் வலக்கை தானாக எழும். மூன்று விரலால் எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்வார். மீதியை என் நெற்றியிலும் பூசுவார். பெயர் மறந்த பிள்ளைக்கும் அந்தக் கை ஆசீர்வாதம் செய்தது. நாள்தோறும் பழகியது அவ்வளவு ஆழத்தில் தங்கியிருந்தது. அச்சத்தை எழுதிய பக்கத்திலேயே இப்படிப்பட்ட ஒரு காட்சியையும் எழுதி வையுங்கள்.

மூன்றாவது, கைக்கொள்ள வேண்டியது. இதைப் படிப்படியாக எழுதுங்கள். மலையேற முடிந்தால் ஏறுவேன். முடியாவிட்டால் அடிவாரத்தில் நின்று கும்பிடுவேன். அதுவும் முடியாவிட்டால் வீட்டு விளக்கின்முன் அமர்வேன். எழ முடியாவிட்டால் படுத்தபடியே பெயர் சொல்வேன். நாவும் எழாவிட்டால் நெஞ்சுக்குள் நினைப்பேன். நினைவும் தப்பினால் என் அருகில் இருப்பவர்கள் சொல்லட்டும், அவன் கேட்டுக்கொள்வான். இப்படி எழுதி வைத்தால், ஒரு படி இறங்கும்போது பக்தி போய்விட்டது என்ற கலக்கம் வராது. அடுத்த படி எங்கே என்று நமக்குத் தெரியும்.

6. ‘இப்படிக்கு’. கையொப்பம் இடுங்கள். உயிலுக்கு 1959ஆம் ஆண்டு உயில் சட்டப்படி இரு சாட்சிகள் வேண்டும். இக்கடிதத்துக்குச் சாட்சி இறைவன் ஒருவனே. கடைசியாகத் தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுங்கள். துக்கச் செய்திக் கடிதத்துக்குக் கறுப்பும், மங்கலக் கடிதத்துக்கு மஞ்சளும் இடுவது நம் முன்னோர் வழக்கம். முதுமைக்கு எழுதும் கடிதம் மங்கலக் கடிதம் என்பதை அந்த மஞ்சள் சொல்லட்டும்.

ஒரு மாதிரிக் கடிதம்

என் கடிதத்திலிருந்து சில பகுதிகளை மாதிரிக்காகத் தருகிறேன். நிறைகுறை பார்க்காமல், அமைப்பை மட்டும் கவனியுங்கள்.

உ
தண்டாயுதபாணி துணை

பினாங்கு, 2025ஆம் ஆண்டு தைப்பூசம் கழிந்த மூன்றாம் நாள், விடியற்காலை, பூசையறை.

2033இல், 75 வயதில் இதைப் பிரிக்கும் வாத்தியாருக்கு,

நலம். உன் நலமறிய அவா. எனக்கு இனிப்பு நீர் மாத்திரை காலையில் ஒன்று, இரவில் ஒன்று. இடது முழங்கால் வலிக்கிறது. இவ்வாண்டும் மேலே ஏறினேன். நான்கு இடங்களில் உட்கார்ந்து ஏறினேன். உனக்கு இது முடியாமற் போயிருக்கலாம். வருந்தாதே. நீ ஏறிய படிகளை அவன் எண்ணி வைத்திருப்பான்.

இப்பவும், நீ மனம் சோர்ந்து இதைப் பிரித்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். சந்தோஷமாக இருக்கும்போது உனக்கு என் நினைவு வராது. ஆகவே நேராகச் சொல்கிறேன். 1976இல் நம் வீட்டு அடுப்பு எரியவில்லை. பக்கத்து வீட்டு அடுப்பு நமக்காக எரிந்தது. 1989இல் சின்னவனுக்கு டெங்கிக் காய்ச்சல் கண்டு ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தோம். பத்தாம் நாள் அவனே நடந்து வந்து காரில் ஏறினான். 2019இல் அவள் போனாள். அன்று நீ உயிரோடு இருக்க விரும்பவில்லை. ஆனாலும் இருந்தாய். உன்னை யார் இருக்க வைத்தார்? இதற்கு உன்னிடம் என்ன பதில்?

பிள்ளைகள் தினமும் அழைக்காவிட்டால் கோபிக்காதே. அவர்களும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வரும் நாளில் குறை சொல்லாதே. காப்பி கலந்து கொடு. பிறர் உதவ வந்தால் வேண்டாம் என்று சொல்லாதே. அந்த அக்காவின் சோற்றை நீ வேண்டாம் என்று சொல்லவில்லையே!

ஒருவேளை உனக்குப் பெயர்கள் மறந்து போகலாம். அவள் பெயரும் மறக்கலாம். என் கையெழுத்தும் யாருடையதோ போலத் தோன்றலாம். அப்படியானால் இதை வேறு யாராவது உனக்குப் படித்துக் காட்டுவார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இது: ஐயா, அம்மா, இவர் நெற்றியில் கொஞ்சம் திருநீறு வையுங்கள். மற்றதை அவன் பார்த்துக்கொள்வான். நீ அவனை மறந்தாலும் அவன் உன்னை மறக்கமாட்டான்.

இப்படிக்கு,
அறுபத்தேழு வயதில் இருக்கும் நீ.

சில நடைமுறைக் குறிப்புகள்

எழுத்து பெரிதாக இருக்கட்டும். கண் மங்கிய காலத்தில் படிக்கப்போவது நாம்தான். நல்ல தாளில் மைப்பேனாவால் எழுதுங்கள். இரண்டு பக்கம் போதும். வங்கிக் கணக்கு, நிலப் பட்டா, நகை விவரம் எதையும் இதில் சேர்க்க வேண்டாம். அவற்றுக்கு உயில் இருக்கிறது. யார் மீதும் குற்றச்சாட்டு எழுத வேண்டாம். இக்கடிதம் ஒருநாள் பேரப்பிள்ளைகளின் கையில் கிடைக்கும். அவர்கள் படித்துக் கண்ணீர் விட்டாலும் தலைகுனியக் கூடாது.

உறையிலிட்டுப் பூசையறையில் பஞ்சாங்கத்தோடு வையுங்கள். வைத்த இடத்தை வீட்டில் ஒருவருக்குச் சொல்லி வையுங்கள். ஆண்டுக்கொருமுறை உங்கள் ஜன்ம நட்சத்திரத்தன்று பிரித்துப் படித்து, புதிதாக ஒன்று எழுதிச் சேர்க்கலாம். பழையதைக் கிழிக்க வேண்டாம். அறுபதில் சஷ்டியப்தபூர்த்தி, எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம் என்று நம் முன்னோர் முதுமையின் வாசல்தோறும் விழா வைத்தார்கள். அந்த வாசல்களில் எழுதுவது இன்னும் சிறப்பு.

என் முதல் கடிதத்தை 2018இல், அறுபது நிறைந்த ஆண்டில் எழுதினேன். மறு ஆண்டு என் மனைவி காலமானார். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, ஆலயக் கதவும் அடைபட்டது. அந்த நாட்களில் ஒரு மாலை அக்கடிதத்தைப் பிரித்தேன். துக்கம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்; துக்கம் இன்றும் இருக்கிறது. ஆனால் பல மாதமாக ஏற்றாமல் இருந்த விளக்கை அன்று ஏற்றினேன். இக்கடிதம் செய்யக்கூடியது அவ்வளவுதான். அது போதுமானது என்பதை அன்று கண்டேன்.

மனச்சுமையை எழுதிப் பார்ப்பது நல்லது என்பதை இன்றைய உளவியலும் ஆராய்ந்திருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கரும் அவருடன் பணியாற்றியவரும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், தம் வாழ்வின் வேதனையான அனுபவங்களை நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதிய மாணவர்கள், பின்வந்த மாதங்களில் மருத்துவ நிலையத்துக்குச் சென்றது குறைந்திருந்தது. எனினும் எழுத்து ஒரு துணை மட்டுமே. தூக்கமின்மை, உணவில் வெறுப்பு, வாழவே விருப்பமின்மை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். மருத்துவரையும் அனுப்பி வைப்பவன் அவனே.

எழுத முடியாதவர்களுக்கு நாம்

வகுப்பில் இந்தப் பாடத்தைச் சொன்னபோது, எண்பதை நெருங்கும் ஓர் அம்மையார் எழுந்து நின்றார். “எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க வாத்தியாரே. பால்மரம் வெட்டியே காலம் போச்சு. நான் சொல்றேன், பேத்தி எழுதட்டுமா?” என்று கேட்டார். தாராளமாக எழுதட்டும் என்றேன். அடுத்த வாரம் பேத்தியோடு வந்தார். ஒரு பக்கம் எழுதியிருந்தார்கள்; கீழே அம்மையாரின் கைநாட்டு. பேத்தி என்னிடம் தனியே சொன்னாள்: “பாட்டிக்கு ஏழு வயசுல அம்மா செத்துட்டாங்கன்னு எனக்கு இப்பத்தான் சார் தெரியும்.” ஒரே வீட்டில் இருபது ஆண்டு வாழ்ந்தும் கேட்கப்படாத கதை, ஒரு கடிதத்தால் கேட்கப்பட்டது.

அறம் செய்யும் அன்பர்களுக்கு இங்கே ஒரு வேண்டுகோள். பதினோராந் திருமுறையின் தொடக்கத்தில் இருப்பது ஒரு கடிதம். மதுரை ஆலவாய்ப் பெருமான், பாணபத்திரர் என்னும் இசைவாணருக்குப் பொருள் தரும்படி சேரமான் பெருமாளுக்கு எழுதி அனுப்பிய திருமுகப் பாசுரம் அது. இறைவன் எழுதிய அக்கடிதம் ஓர் ஏழைப் பாணருக்காக எழுதப்பட்டது என்பது சிந்திக்கத் தக்கது. நீங்கள் பொருள் தருகிறீர்கள், அன்னதானம் நடக்கிறது, மாணவர்க்கு உதவிநிதி கிடைக்கிறது. அவற்றோடு மாதம் ஒரு மணி நேரத்தையும் தாருங்கள். உங்கள் வட்டாரத்து முதியோர் இல்லத்துக்கு ஒரு தாளும் பேனாவும் கொண்டு செல்லுங்கள். எழுத முடியாத ஒருவர் அருகில் அமர்ந்து, “சொல்லுங்க ஐயா, நான் எழுதறேன்” என்று கேளுங்கள். உங்கள் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். இந்தத் தானத்துக்கு இரசீது கிடையாது. பலன் மட்டும் நிச்சயம்.

அன்பர்களே, இம்மலரை மூடி வைத்ததும் ஒரு தாளை எடுங்கள். பிள்ளையார் சுழி போடுங்கள். உங்கள் தெய்வத்தின் பெயரை எழுதி, ‘துணை’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வரி தானே வரும். அவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டவன், மீதித் தூரத்துக்கும் கை கொடுப்பான்.

அனைவருக்கும் நீண்ட ஆயுளும், நிறைந்த மனமும், மாறாத பக்தியும் அருளும்படி எல்லாம் வல்ல தண்டாயுதபாணிப் பெருமானின் திருவடிகளை வேண்டி நிற்கிறேன்.

முருகன் துணை.